ஃப்ரேமுக்குள் சாவு ஆடாது

நேற்று எல்லோரும் ஷேர் செய்து தள்ளிய, யாரோ வீட்டு வரவேற்பறை ஃபோட்டோதான். வரிசையாக 12 ஃப்ரேம். நானும் லைக் போடத்தான் போனேன். உற்றுப் பார்த்தால் ரோலண்ட்சன், அந்தக் கால ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரர்! புத்தகத்தைப் பிரித்து மாட்டியிருக்கிறார்கள்.

அங்கேயே கமென்டில் சொன்னேன், பதில்கள் வந்து குவிந்தன. திரும்பச் சொல்கிறேன், புத்தகத்தைப் பிரித்து.

லண்டனில் அக்கர்மன் 1814 முதல் 1816 வரை மாதாமாதம் பகுதி பகுதியாக வெளியிட்ட 'இங்கிலீஷ் டான்ஸ் ஆஃப் டெத்', அதாவது மரண நடனம். படம் ரோலண்ட்சன், பாட்டு வில்லியம் கூம். செப்புத் தகட்டில் அச்சடித்து, ஒவ்வொரு தாளுக்கும் ஆள் உட்கார்ந்து தூரிகையால் வண்ணம் தீட்டியது. 70 படங்களுக்கு மேல். சூதாடி, தேனிலவுத் தம்பதி, நரிவேட்டைக்காரர், ஒருத்தரையும் எலும்புக்கூடாக வரும் சாவு விடாது. போலி வைத்தியன் கடையில் திரைக்குப் பின்னால் மருந்து இடிப்பதே அதுதான். அடுத்தது யார், அடுத்தது யார் என்று பக்கம் புரட்ட வைப்பதால்தான் அது நடனம். உருவி மாட்டினால் காலண்டர்.

"ஏற்கெனவே பக்கம் போன பிரதியாக இருக்கலாமே" என்கிறார் ஒருவர். இருக்கலாம். அதனால்?

"ஸ்கேன் நெட்டில் கிடைக்கிறதே." அப்படியானால் ஸ்கேனையே பிரின்ட் போட்டு மாட்டியிருக்கலாமே ஐயா!

"துண்டாகவாவது பிழைக்கட்டும்." சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மரண நடனம் தீட்டிய சுவரை 1805-ல் இடித்தபோது துண்டுகளைப் பொறுக்கிக் காப்பாற்றினார்கள். அவர்கள் இடித்த பிறகு பொறுக்கியவர்கள். நீங்கள் பொறுக்குவதற்காகவே இடிக்கிறீர்கள்.

அப்புறம் அந்த இன்பாக்ஸ் மெசேஜ். 'வாங்க வக்கில்லாதவன் வயிற்றெரிச்சல்'. வக்கில்லைதான். முழுப் பிரதியை வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரு நூலக மேசையில், கையைக் கழுவிவிட்டு வந்து புரட்டியிருக்கிறேன். மூன்று மணி நேரம். பசி தெரியவில்லை. கல்லறையைத் திறந்து வேடிக்கை பார்க்கும் பழம்பொருள் பிரியர்களைச் சாவு மேலேயிருந்து குறிபார்க்கும் படம் ஒன்று அதில் உண்டு. அந்த 12-இல் அதுவும் இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள், சிரித்துக்கொள்கிறேன்.

சரி, நீங்கள் தோண்டி எடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலும் அந்தப் புத்தகத்தின் ஒரு தாள் இருக்கிறது. எட்டு வருடம் முன்பு தெருச் சந்தையில் வாங்கியது. புத்தகத்திலிருந்து வெட்டியது என்று அப்போது எனக்குத் தெரியாது. (தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பேனோ என்னவோ.) இடது ஓரத்தில் நான்கு தையல் துளைகள், பக்கத்தில் கத்தி இழுத்த கோடு. ஒரு பெண்ணின் கன்னத்துச் சிவப்பு கோட்டைத் தாண்டிக் காதுவரை வழிந்திருக்கிறது. 200 வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவருக்குக் கை அசந்திருக்கிறது. ரோலண்ட்சன் பெயர் இருக்கிறது, அக்கர்மன் பெயர் இருக்கிறது, அந்தக் கையின் பெயர் எங்கேயும் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். அதற்காக ஒருவர் என்னை வக்கில்லாதவன் என்பாராம்.

நான் ஒன்று. அவர்கள் 12. இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான் என்கிறாள் என் மனைவி. கமென்டிலும் வந்து சொல்வாள். மெசேஜ் அனுப்பியவரை பிளாக் செய்துவிட்டேன், இவளை முடியாது.