யார் தடுத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு

மொழி உரிமை பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வந்து நிற்கும். "உங்கள் மொழியில் பேசாதீர்கள் என்று யார் தடுத்தார்கள்? வீட்டில் பேசுங்கள், விழா எடுங்கள், பாட்டு எழுதுங்கள். அப்புறம் என்ன குறை?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். எனக்கு இந்தப் பதிலோடுதான் சண்டை.

தடுத்த காலமும் இருந்தது, மறந்துவிட வேண்டாம். கனடாவில் நூறாண்டுக்கும் மேலாக, சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழியில் வாய் திறந்தால் அடி. 2008-இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இன்றைக்குப் பல நாடுகளில் பிரம்பு இல்லை. வேலை அதைவிடச் சுத்தமாக நடக்கிறது.

ஒரு மருத்துவமனை அறையை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு நாட்டின் பெரிய மொழி தெரியாது. மருத்துவருக்கு அம்மாவின் மொழி தெரியாது. நடுவில் பத்து வயதுப் பையன். கட்டி, பரிசோதனை, அறுவை என்று அவர் சொல்லச் சொல்ல, பள்ளியில் கற்ற மொழியை வைத்துக்கொண்டு அவன்தான் அம்மாவிடம் சொல்ல வேண்டும். பாதியைப் புரியாமல் விடுவான், மீதியைப் பயந்துபோய் விழுங்குவான். கடைசியில் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போடுவார். இங்கே யாரும் எதையும் தடுக்கவில்லைதான்.

சட்டமும் இந்த அம்மாவுக்கு அவ்வளவாக உதவாது. 1948 ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம், மொழியை வைத்துப் பாகுபாடு கூடாது என்று இரண்டாம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. 1966-இல் வந்த குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் பண்பாட்டோடு வாழவும் தங்கள் மொழியைப் பயன்படுத்தவும் உள்ள உரிமையை மறுக்கக் கூடாது என்கிறது. மறுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆசிரியரைப் போடு, படிவத்தை அச்சடி என்றெல்லாம் அதில் இல்லை. அரசு கைகட்டி நின்றால் போதாது, நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு விளக்கம் தர 1994 ஆகிவிட்டது. அதே உடன்படிக்கையில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதிமன்ற மொழி தெரியாவிட்டால் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நோயாளிக்கு அப்படி ஒரு வரி இல்லை. குற்றவாளிக் கூண்டில் ஏறினால்தான் மொழிக்கு மதிப்பு போலிருக்கிறது!

பள்ளிக்கூடக் கதையும் இதேதான். டச்சு மொழிப் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு பேசும் பெற்றோர் பெல்ஜியத்தின் மீது தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1968-இல் தீர்ப்புச் சொன்னது: கல்வி உரிமை உண்டு, ஆனால் பெற்றோர் விரும்பும் மொழியிலேயே அரசு கற்பிக்க வேண்டும் என்ற உரிமை அதில் அடங்காது. ஒரு சிறு அம்சத்தில்தான் பெற்றோர் வென்றார்கள்.

எனக்குப் பிடித்த தீர்ப்பு அதற்கு 6 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் வந்தது. சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் சுமார் 1,800 பேருக்குத் தனிப் பயிற்சி எதுவும் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் கொடுக்கிற புத்தகம், ஆசிரியர், பாடத்திட்டத்தைத்தானே இவர்களுக்கும் கொடுக்கிறோம் என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வகுப்பில் நடப்பதே புரியாத பிள்ளைக்கு அதே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்றது. தாய்மொழிக் கல்வியை அது கட்டாயமாக்கவில்லை, உண்மைதான். ஆனாலும் 'யார் தடுத்தார்கள்' வாதத்தின் அஸ்திவாரத்திலேயே கை வைத்துவிட்டது.

"பெற்றோரே தங்கள் மொழி வேண்டாமென்று பெரிய மொழிப் பள்ளிக்கு ஓடுகிறார்களே" என்பீர்கள். ஓடத்தான் செய்வார்கள். வேலை, கடன், வழக்கு, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே மொழியில் இருந்தால் வேறெங்கே போவார்கள்? இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டு அப்புறம் விருப்பம் பற்றிப் பேசுவோம்.

இன்னொன்று, பண்பாட்டின் பெயரால் பெண்ணை அடக்குவதற்கும் சாதி பார்ப்பதற்கும் இங்கே இடமில்லை. பண்பாட்டுப் பன்மையைக் காட்டி மனித உரிமையை மீறக் கூடாது என்று யுனெஸ்கோவின் 2001 பிரகடனமே சொல்லிவிட்டது.

முடியாத காரியமும் இல்லை. நியூசிலாந்தில் 1982-இல் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தாங்களாகவே மழலையர் கூடங்களைத் தொடங்கி, மொழி தெரிந்த பெரியவர்களைக் குழந்தைகளோடு உட்கார வைத்தார்கள். அந்த மொழியைக் காக்க வேண்டியது அரசின் கடமை, வெறுமனே தடுக்காமல் இருந்தால் போதாது என்று மாவோரி மக்களின் புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம் 1986-இல் சொன்னது. மறு ஆண்டே மாவோரி அதிகாரபூர்வ மொழியானது.

எல்லா மொழிக்கும் பல்கலைக்கழகம் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. தொடக்க வகுப்பு, மருத்துவமனை, நீதிமன்றம், இந்த மூன்றிலிருந்து ஆரம்பிக்கட்டும். செலவு கட்டுபடியாகாது என்கிறவர்களுக்கு ஒரு தகவல்: ஆஸ்திரேலியா தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கியது 1973-இல். அப்போது கைப்பேசியே புழக்கத்துக்கு வரவில்லை.