பழைய திருப்புதலும் ஒரு காலத்தில் புதியதாக இருந்தது

ஆராதனையில் வேதாகமத்தின் புதிய மொழிபெயர்ப்பை வாசிக்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், பழைய திருப்புதல் எனப்படும் 1871ஆம் ஆண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு மட்டுமே உண்மையான வேதம் என்று நம் சபைகளில் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய பக்தியை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் திருச்சபையின் வரலாறு அந்த வாதத்துக்குத் துணை நிற்கவில்லை.

பண்டைய வேத அறிஞர் ஜெரோம் எபிரேயத்திலிருந்து லத்தீனில் பெயர்த்த யோனாவின் புத்தகத்தை, இன்று திரிப்போலி எனப்படும் ஓயா நகரில் ஓர் ஆயர் ஆலயத்தில் வாசிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடிக்கு, தலைமுறைகளாகக் கேட்டுப் பழகிய பெயர் அதில் இல்லாததால் மக்கள் கொந்தளித்தனர். சபையே தம்மை விட்டுப் போய்விடும் என்று அஞ்சி ஆயர் பழைய வாசகத்துக்கே திரும்பினார். வட ஆப்பிரிக்க ஆயரான அகஸ்தீன் 403ஆம் ஆண்டளவில் ஜெரோமுக்கே எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். அம்மக்கள் விடாமல் பற்றி நின்றதும் எபிரேய மூலம் அல்ல, செப்துவஜிந்த் என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பின் வழிவந்த வாசகமே. அன்று எதிர்ப்பைச் சந்தித்த ஜெரோமின் பணி வுல்காத்தா என்று பெயர்பெற்று, 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கத்தால் அதிகாரபூர்வமானதாக அறிவிக்கப்பட்டது.

தமிழில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1715இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டின் இடத்தை, பின்னாளில் சென்னை வேப்பேரியில் உழைத்த மிஷனரி பெப்ரிசியஸின் மொழிபெயர்ப்பு பிடித்தது. யாழ்ப்பாணத்தில் மிஷனரி பீட்டர் பேர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாக்கி 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பைச் சென்னைப் பக்கத்து மிஷனரிகள் ஏற்கவில்லை. தமிழ்நடைக்காக அவ்வளவு உழைத்த ஒரு வேதாகமம் மக்கள் கைக்கு வராமல் போனது எனக்கு இன்றும் வருத்தமே. பிறகு ஹென்றி பவர் தலைமையிலான குழு, பெப்ரிசியஸை அடியொற்றித் திருத்தி 1871இல் வெளியிட்டதைத்தான் நாம் பழைய திருப்புதல் என்கிறோம். லுத்தரன் சபையார் அதை ஏற்காமல் பெப்ரிசியஸையே நெடுங்காலம் வாசித்து வந்தார்கள்.

"கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்ற அடியைச் சாவு வீட்டில் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது கிடைக்கும் ஆறுதலை வேறெதுவும் தந்துவிடாது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலோ, "ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை" என்று இருப்பது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்கும் கேட்டவுடன் விளங்குகிறது. சங்கீதங்களை நாம் மனப்பாடமாக அறிந்த வடிவிலேயே தொடர்ந்து சொல்வோம். பவுலின் நிருபங்களில் வரும் நீண்ட வாக்கியங்களையும் தீர்க்கதரிசன நூல்களையும் புதிய மொழிபெயர்ப்பிலிருந்து வாசிக்க நம் போதகர்களும் சபைக் கமிட்டியாரும் இடம்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.