அந்த மேடைப் பேச்சும் அதற்கு விழுந்த கைதட்டலும்

எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தப் பேச்சை நானும் கேட்டேன். சிறு விவசாயிக்கு மனம் மாறவில்லையாம். மழை காலம் தவறுகிறது, சொட்டுநீர் இருக்கிறது, சூரிய மோட்டார் இருக்கிறது, இவர்தான் இன்னும் வாய்க்காலில் பாய்ச்சிக்கொண்டிருக்கிறாராம். கைதட்டல் வேறு.

ஐயா, அந்த விவசாயி கணக்குப் போடுகிறார். உலகத்தின் பண்ணைகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. அந்த அளவு நிலத்தில் ஒரு போகம் போனால் அடுத்த விதைப்பே கடன்தான். புதிதாக ஒன்றைப் போட்டுச் சரிவரவில்லை என்றால் நஷ்டம் யார் தலையில்? பேசியவர் தலையிலா?

என் மாமா சொட்டுநீர் போட்டவர்தான். கிணற்றுத் தண்ணீர் உப்பு. தண்ணீர் சொட்டும் துளைகளான சொட்டுவான்களில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்டது. அமிலம் விட்டுக் கழுவ வேண்டும் என்று குழாய் பதித்தவர்கள் மூச்சு விடவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் வரப்பில் நின்றாலே தெரியும். இதில் செடி வாடிய பிறகுதான் தெரிந்தது. மிச்சக் குழாயை எலி கடித்துப் பார்த்துக்கொண்டது. போன் போட்டால் "ஆள் அனுப்புகிறோம்". இன்றுவரை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அவருக்கா மனம் மாறவில்லை?

"மானியம் தருகிறார்களே" என்பீர்கள். சரி, குழாய்க்குத் தருகிறார்கள். அடைப்பெடுக்க? குத்தகைக்கு உழுகிறவர், அடுத்த வருடம் தன் கையில் இருக்குமா என்று தெரியாத மண்ணில் எதற்குக் குழாய் பதிக்க வேண்டும்? கிணறே வற்றிப்போன வருடத்தில் குழாய் எதைச் சொட்டும்?

"அப்போ தண்ணீர் வீணாகட்டுமா?" சொட்டுநீருக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அமெரிக்காவின் கன்சாஸில் விவசாயிகள் அரசு உதவியோடு சிக்கனமான தெளிப்பு முனைகளுக்கு மாறினார்கள். நிலத்தடி நீர் எடுப்பது கூடியது. மிச்சமான தண்ணீரில் அதிகம் குடிக்கும் பயிரை வைத்தார்கள், பாசனப் பரப்பையும் கூட்டினார்கள். அங்கே யாரும் அரை ஏக்கர்க்காரர் இல்லை. அவர்களுக்கு மனம் மாற வேண்டும் என்று எந்த மேடையிலாவது பேசினீர்களா? சூரிய மோட்டாரும் அப்படித்தான், ஓட்டச் செலவில்லை என்றால் நிறுத்த யாருக்குத் தோன்றும்? சிக்கனப் பாடம் மட்டும் எப்போதும் எங்கள் வீட்டு மனிதர்களுக்கு. வெயிலில் நிற்பதும் அவர்கள், திட்டு வாங்குவதும் அவர்கள்.

இனி கீழே செயல்விளக்க வீடியோ போட வருவீர்கள். போடுங்கள். கூடவே, அந்த வயலில் மூன்றாம் வருடம் குழாய் என்ன ஆனது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.