வெலிக்கடை மதிலும் டொலர் பண்ணையும்

வெலிக்கடைச் சிறையை ஹொரணைப் பக்கம் மாற்றிவிட்டு, பொரளையில் இருக்கும் நிலத்தை நகர அபிவிருத்திக்கு எடுக்கும் பேச்சு பல வருடங்களாக அடிபடுகிறது. அது பற்றிய பழைய செய்தியொன்றை நண்பர் ஒருவர் போன கிழமை மறுபடி பகிர்ந்திருந்தார். கீழே வவுனியாத் தம்பி ஒருவர், "கொழும்பு மறியல் (சிறை) எங்கே இருந்தால் வன்னியில் இருக்கிற நமக்கென்ன அண்ணா?" என்று கேட்டிருந்தார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை. வயது இருபது, இருபத்திரண்டு இருக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காததை அவர் எப்படித் தெரிந்திருப்பார்? அங்கேயே பதில் எழுதத் தொடங்கினேன். நீண்டுபோய்விட்டது, அதனால் தனியாகப் போடுகிறேன்.

போர்க்காலம். எனக்கு அப்போது பத்து வயது. சித்தப்பா கொழும்பில் மறியலில் இருந்தார். அவரைப் பார்க்க அப்பாயி (அப்பாவின் அம்மா) வவுனியாவில் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, கிராம சேவகரிடம் உறவுக் கடிதம் வாங்கி, என்னையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறுவார். மருதானையில் இறங்கி பஸ் பிடிப்போம். பேஸ்லைன் வீதியில் வெலிக்கடையின் நீண்ட மதில் தொடங்கும் இடம் வந்ததும் என் தலையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். "அந்தா பாரு, நம்ம டாக்டர் ஐயாவ கொன்ன எடம்." ஒவ்வொரு பயணத்திலும் இதே வார்த்தைதான். மதில் முடியும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார். கோயில் வாசலில் மட்டும்தான் அவர் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் ஐயா என்றால் டாக்டர் சோ. ராஜசுந்தரம். அவரைத் தெரியாமல் வெலிக்கடைக்கும் வன்னிக்கும் உள்ள உறவு விளங்காது, அதனால் முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

என் தாத்தாவும் அப்பாயியும் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்தவர்கள். தமிழருக்கு எதிரான 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயம் எரிந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வடக்கே வந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவர்களும் இருந்தார்கள். வவுனியாவில் இறங்கியவர்களுக்கு யாரையும் தெரியாது, விவசாயமும் தெரியாது. கொழுந்து கிள்ளிய கைகள். அந்த நேரத்தில் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிய அமைப்பு காந்தீயம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் ராஜசுந்தரமும் சேர்ந்து வவுனியாவை மையமாக வைத்து நடத்தியது. காணி பார்த்துக் கொடுத்தார்கள், விதை கொடுத்தார்கள், கிணறு வெட்ட உதவினார்கள், பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை வைத்தார்கள். அப்பாயிக்கு முதன்முதலாகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது அங்கே இருந்த ஒரு பெண்பிள்ளை. அதுவரை ரேகைதான்.

எங்கள் வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்தது நெடுங்கேணிக்கு அப்பால் டொலர் பண்ணையில். பக்கத்தில் கென்ட் பண்ணை. பெயர்கள் வெளிநாட்டுப் பெயர்கள், காடு நம்முடைய காடு. முதல் போகம் உழுந்து போட்டதை தாத்தா சாகும்வரை சொல்வார். இன்னொருவர் தோட்டத்தில் பேர் போட்டு, நாட்கூலிக்கு வாழ்ந்த மனிதர், தன் உழுந்தைத் தானே அளந்த நாள் அது.

1983 ஏப்ரலில் டேவிட்டையும் ராஜசுந்தரத்தையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். அந்த வருடம் ஜூலையில் இருவரும் வெலிக்கடைக்குள் இருந்தார்கள்.

சரி, இப்போது அந்தச் சிறை. வெள்ளைக்காரன் 1841இல் கட்டியது. சுமார் 48 ஏக்கர். அதை ஒட்டியே மகசின் சிறை, விளக்கமறியற்சாலை. கொஞ்சம் தள்ளினால் கனத்தை மயானம். அந்த வட்டாரத்தில் நின்று பார்த்தால் இந்த நாட்டின் நூற்றைம்பது வருட வழக்குகளும் சாவுகளும் ஒரு நடை தூரத்துக்குள் கிடக்கின்றன. தூக்குமேடையும் இந்த மதிலுக்குள்தான். 1942இல் கொக்கோஸ் தீவில் கிளர்ச்சி செய்த மூன்று இலங்கைப் படைவீரர்களையும், பண்டாரநாயக்கவைச் சுட்ட சோமாராம தேரரை 1962இலும் இங்கேதான் தூக்கிலிட்டார்கள்.

1915 பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த வருடம் சிங்கள முஸ்லிம் கலவரம் வந்தபோது ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் போட்டு, ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரை ஜூலை 7ஆம் திகதி இந்தச் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்க உட்படப் பல சிங்களத் தலைவர்களையும் பிடித்து அடைத்தார்கள். அவர்களுக்காகக் கப்பலேறி லண்டன் போய் வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு, சிங்களத் தலைவர்களே அவருடைய வண்டியைக் கொழும்பு வீதியில் இழுத்துப் போனார்கள். பேதிரிஸுக்கு இன்று கொழும்பில் அவர் பெயரிலேயே மைதானம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலையிலும் மாலை போடுகிறார்கள். போடவேண்டும். விசாரணை என்ற பெயரில் அநியாயமாகக் கொல்லப்பட்டவர் அவர். அதே சிறையில், 1983இன் அதே ஜூலை மாதத்தில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளுக்கு அந்த ஊரில் ஒரு கல்கூட இல்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். 24ஆம் திகதி அவர்களை அடக்கம் செய்யக் கனத்தையில் கூடிய கூட்டத்திலிருந்துதான் கொழும்புக் கலவரம் புறப்பட்டது. முதலில் எரிந்தது பொரளை. மறுநாள் 25ஆம் திகதி பிற்பகல் அது சிறைக்குள் புகுந்தது. சப்பல் பகுதி என்பார்கள், சிலுவை வடிவத்தில் கட்டிய கட்டடம். அதன் இரண்டு பிரிவுகளில் இருந்த 35 தமிழ்க் கைதிகளை மற்றக் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொன்றார்கள். ஆயுதப் போராட்ட இயக்கமான டெலோவைச் சேர்ந்த குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் மூவரும் அதில் போனவர்கள். அவர்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள், எல்லோரும் அறிந்ததை நான் இங்கே திருப்பிச் சொல்லவில்லை.

எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்பது 27ஆம் திகதி. முதல் கொலை நடந்து இரண்டு நாள். முழு நாட்டுக்கும் தெரியும். காவலைப் பலப்படுத்த இரண்டு நாள் இருந்தது, ஆட்களை வேறெங்காவது கொண்டுபோக இரண்டு நாள் இருந்தது. ஆனால் மிஞ்சியவர்களை அதே மதிலுக்குள் இன்னொரு கட்டடத்துக்கு மாற்றியதோடு சரி. அங்கேயும் வந்தார்கள். இன்னும் 18 பேர். அந்த 18 பேரில் ஒருவர்தான் எங்கள் டாக்டர் ஐயா. உயிர் தப்பிய 19 பேரை மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார்கள், அதில் டேவிட்டும் ஒருவர். செப்டெம்பர் 23இல் மட்டக்களப்புச் சிறை உடைந்தபோது அவர் வெளியேறி இந்தியா போனார். முதுமையில் திரும்பி வந்து 2015 ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார். நம்முடைய ஊரில்தான் கண்மூடினார், அப்போது எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருந்தது?

செய்தி டொலர் பண்ணைக்கு எப்படி வந்தது என்று அப்பாயியிடம் கேட்டிருக்கிறேன். யாரோ வானொலியில் கேட்டு ஓடிவந்து சொன்னார்களாம். அன்று எந்த வீட்டிலும் உலை வைக்கவில்லையாம். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை.

தம்பி, இதோடு முடிந்தால் "கொழும்பில் நடந்த ஒன்று" என்று நீங்கள் சொல்லலாம். முடியவில்லை. 1984இல் டொலர், கென்ட் பண்ணைகளில் இருந்த மலையகக் குடும்பங்கள் துரத்தப்பட்டன. தாத்தாவும் அப்பாயியும் இரண்டு பிள்ளைகளோடு நெடுங்கேணிக்கு நடந்தே வந்தார்கள். அவர்கள் விட்டுவந்த இடத்தில் அரசாங்கம் என்ன வைத்தது தெரியுமா? திறந்தவெளிச் சிறைச்சாலை. தெற்கிலிருந்து சிங்களக் கைதிகளைக் குடும்பங்களோடு கொண்டுவந்து அங்கே இருத்தினார்கள். காணி கொடுத்தவர் சிறைக்குள் கொல்லப்பட்டு ஒன்றரை வருடம் ஆகவில்லை, அவர் கொடுத்த காணியே சிறையாகிவிட்டது. வெலிக்கடையின் சுற்றாடல் எதுவரை என்று கேட்டால் நான் பொரளைச் சந்தியைக் காட்டமாட்டேன், டொலர் பண்ணை இருக்கும் மணலாற்றைக் காட்டுவேன். (வெலி என்றால் சிங்களத்தில் மணல். மணலாற்றின் பெயரும் பிறகு வெலி ஓயா என்று மாறியது.)

அந்த வருடம் நவம்பர் 30இல் விடுதலைப் புலிகள் இரண்டு பண்ணைகளையும் தாக்கினார்கள். 62 பேர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். இதை விட்டுவிட்டு எழுதினால் பலருக்கு வசதியாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அப்பாயியே விட்டதில்லை. "அந்தப் புள்ளைங்க என்னா பண்ணுச்சு? அதுங்களையும் லாரியில ஏத்தித்தானே கொண்டாந்தாங்க" என்பார். தான் மெழுகிய திண்ணையில் யாரோ ஒரு தாய் பிள்ளையோடு செத்துக்கிடந்ததை நினைத்து அழுதவர் அவர். இரண்டொரு நாளில் பக்கத்து ஒதியமலையில் தமிழ் ஆண்கள் முப்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். வெலிக்கடையில் தொடங்கிய கணக்கு எங்கள் வயல்வரை வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அப்புறம் 2012. நவம்பர் 9ஆம் திகதி அதே வெலிக்கடைக்குள் மறுபடி 27 கைதிகள் கொல்லப்பட்டார்கள். இந்த முறை கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிங்களவர்கள். தீர்ப்பு வர ஒன்பது வருடத்துக்கு மேல் ஆனது. 2022 ஜனவரியில் முன்னாள் சிறைச்சாலை உயரதிகாரி ஒருவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். எனக்கு மரண தண்டனையில் உடன்பாடில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பை நான் இரண்டு முறை வாசித்தேன். மதிலுக்குள் நடந்த கொலைக்குப் பொறுப்பானவரைத் தேடி நீதிமன்றம் போக முடியும் என்று அது காட்டியது. 1983க்கு நாற்பது வருடம் தாண்டியும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அப்போது நடந்த மரண விசாரணை இவை கொலைகள்தான் என்று சொன்னது, கொன்றவர் யார் என்ற இடத்தில் நின்றுபோனது.

இதையெல்லாம் வைத்துத்தான் சிறை மாறும் செய்தியை நான் பார்க்கிறேன். மாறட்டும். அந்த நெரிசலில் மனிதரை அடைத்து வைப்பது அநியாயம், புதிய இடத்தில் காற்றாவது கிடைக்கட்டும். ஆனால் நிலம் யார் கைக்குப் போகப்போகிறது, என்ன எழும்பப்போகிறது என்பதில் நமக்கு ஒரு சொல் இருக்கவேண்டும். கண்டியில் 1876இல் கட்டிய போகம்பரைச் சிறையை 2014இல் மூடியபோது உல்லாசப் பயணிகளுக்கு என்ன செய்யலாம் என்றுதான் பேச்சுப் போனது. பொரளை நிலம் அதைவிட விலை கூடியது. ஒரு முறை அடுக்குமாடி எழும்பிவிட்டால் சப்பல் பகுதி எங்கே இருந்தது என்று காட்ட ஆளிருக்காது.

நம் ஆட்களிலேயே சிலர், இடித்துத் தரைமட்டமாக்கட்டும், பார்க்கவே வேண்டாம் என்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இருந்து ஒருவர் அப்படிச் சொன்னால் நான் வாயைத் திறக்கமாட்டேன். மற்றவர்களிடம் கேட்கிறேன்: இடித்த பிறகு எதைக் காட்டிக் கேள்வி கேட்பீர்கள்? சப்பல் பகுதியை மட்டும் விடச் சொல்லுங்கள். மூன்று மொழியிலும் 53 பெயர்களை அதில் எழுதச் சொல்லுங்கள். பேதிரிஸ் பெயரும், 1942இல் தூக்கிலிட்ட மூவரின் பெயரும், 2012இன் 27 பெயர்களும் கூடவே இருக்கட்டும். கொழும்பில் பள்ளிக்கூடம் போகும் சிங்களப் பிள்ளை ஒன்று மாலை போட வந்து, பக்கத்தில் இருக்கும் பெயரையும் வாசிக்கும். அந்த ஒரு நிமிடம் போதும் எனக்கு.

அதற்கு முன் நாம் செய்யவேண்டியது வன்னியில் இருக்கிறது. ஜூலையில் விளக்கேற்றுகிறோம், படம் வைக்கிறோம். ராஜசுந்தரம் எப்படிச் செத்தார் என்று சொல்கிறோம். அவர் ஒரு கைதியாவதற்கு முன் வவுனியாவில் என்ன செய்தார், எத்தனை குடும்பம் அவரால் வேர்பிடித்தது என்பதை யாரும் முறையாக எழுதி வைப்பதாக எனக்குத் தெரியவில்லை. நேரில் கண்டவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. தாத்தா போய்விட்டார். அப்பாயியும் போன வருடம் போய்விட்டார்.

தாத்தாவிடம் காந்தீயத்தில் காணிக்காகக் கொடுத்த துண்டுச் சீட்டு ஒன்று இருந்தது, இடப்பெயர்வில் தொலைந்துபோனது. உங்கள் வீட்டுப் பெட்டியில், அலுமாரியில், சாமிப் படத்துக்குப் பின்னால் அப்படி ஏதாவது இருக்கலாம். துண்டு, பாலர் பாடசாலைப் படம், கடிதம், விதை வாங்கிய பற்றுச்சீட்டு, எதுவானாலும் சரி. தொலைபேசியில் படம் எடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். யாருடையது, எந்தப் பண்ணை, எந்த வருடம் வந்தார்கள் என்று இரண்டு வரியும் எழுதுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும், மழை படாத இடத்தில் வையுங்கள்.