கேள்வி கேட்டாலே ஊழல் உறுதியா?

“14 லட்சம் அங்கன்வாடிகளுக்கும் டிவி வாங்கிய செலவைப் பற்றி எம்.பி. கேட்டார், ஊழல் அம்பலம்!” என்பது போன்ற ஃபார்வர்டுகள் சுற்றுகின்றன. இதில் இரண்டு தவறுகள் உள்ளன.

முதலில் எண்ணிக்கை. நாட்டில் அங்கன்வாடிகள் ஏறத்தாழ 14 லட்சம் என்பது சரிதான். ஆனால் எல்.இ.டி. திரை, குடிநீர் வடிகட்டி, காய்கறித் தோட்டம் எல்லாம் அங்கன்வாடிகளை மேம்படுத்தும் மத்திய அரசின் ‘சக்ஷம் அங்கன்வாடி’ திட்டத்தில் வருபவை. அதன் இலக்கு ஆண்டுக்கு 40,000 வீதம் 5 ஆண்டுகளில் 2 லட்சம் மையங்கள். ஏழில் ஒன்று!

அடுத்தது, கேள்வி. மக்களவையில் ஒரே நாளில் 20 கேள்விகள் வாய்மொழிப் பதிலுக்கும் 230 வரை எழுத்துப் பதிலுக்கும் பட்டியலாகும். எத்தனை மையத்தில் மின் இணைப்பு இருக்கிறது, எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்பது உறுப்பினரின் அன்றாட வேலை. ஆளுங்கட்சிக்காரர்களும் கேட்பார்கள். அமைச்சர் பதில் தந்தால் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடாது. கணக்கில் கோளாறு இருக்கிறதா என்று ஆராய்வது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அந்த அறிக்கையை அலசுவது எம்.பி.க்கள் அடங்கிய பொதுக் கணக்குக் குழு.

அதற்காகக் கேள்வியே வீண் என்று சொல்லவில்லை. கரண்ட் இல்லாத கட்டடத்தில் திரையை மாட்டி என்ன பயன்? அது கட்டாயம் கேட்க வேண்டியதுதான். அப்புறம், பதில் முழுவதும் மக்களவையின் இணையதளத்தில் கிடைக்கும்; ஃபார்வர்டு செய்யும் முன் அதைத் திறந்து பாருங்கள்.