உடான்ஸ் இல்லாத உடான்

(ஞாயிறு மதியம். டிவி முன்னால் சாமிநாதன், கையில் முறுக்குத் தட்டு. ரிமோட் மட்டும் கமலாவிடம்.)

சாமிநாதன்: படத்தின் பெயர் என்ன?

கமலா: உடான்.

சாமிநாதன்: பெயரிலேயே உடான்ஸா!

கமலா: இந்தியில் பறப்பது என்று அர்த்தங்க. 2010இல் வந்தது. விக்ரமாதித்ய மோட்வானே இயக்கிய முதல் படம், கேன்ஸ் திரைப்பட விழா வரைக்கும் போனது.

சாமிநாதன்: நாம் கன்னியாகுமரி வரைக்கும்கூடப் போகவில்லை. சரி, போடு.

(பத்து நிமிஷம் கழித்து.)

சாமிநாதன்: சிம்லா ஹாஸ்டலிலிருந்து நழுவிப் போய் பசங்க ‘அந்த மாதிரி’ படம் பார்க்கிறார்களே! இதையெல்லாமா காட்டுவார்கள்?

கமலா: நீங்கள் காலேஜில் பார்க்காததா?

சாமிநாதன்: (இருமி) சத்தத்தைக் கூட்டு.

(பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட ரோஹன் ஜாம்ஷெட்பூர் திரும்புகிறான்.)

சாமிநாதன்: பெற்ற அப்பனை ‘சார்’ என்று கூப்பிட வேண்டுமாம்! காலையில் அவரோடு ஓட்டம், அப்புறம் அவர் ஆலையில் வேலை, இன்ஜினியரிங் வகுப்பு வேறு. பையனோ எழுத்தாளனாக ஆசைப்படுகிறான். கதாநாயகி எப்போது வருவாள்?

கமலா: வர மாட்டாள்.

சாமிநாதன்: ஜாம்ஷெட்பூருக்கு ரயில் கிடைக்கவில்லையா? போகட்டும், முடிவு எனக்குத் தெரியும். கடைசியில் அப்பா அழுதுகொண்டே பையனைக் கட்டிப்பிடிப்பார். பந்தயம்?

கமலா: தோற்றால் சாயங்காலக் காபி நீங்கள் போட வேண்டும்.

(மருத்துவமனைக் காட்சி. அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கிய ஆறு வயதுத் தம்பி படுத்திருக்கிறான். மாடிப்படியில் விழுந்துவிட்டான் என்கிறார் அப்பா. ரோஹன் தம்பிக்குக் கதை சொல்லச் சொல்ல, நர்சுகளும் மற்ற நோயாளிகளும் கட்டிலைச் சுற்றிக் கூடிவிடுகிறார்கள். சாமிநாதன் எடுத்த முறுக்கு வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நிற்கிறது.)

கமலா: என்னங்க, முறுக்கு காரமா?

சாமிநாதன்: ம்.

(கடைசிக் காட்சிகள். ரோஹன் ஓடுகிறான். அப்பா துரத்துகிறார், பிடிக்க முடியவில்லை.)

சாமிநாதன்: ஓடுடா, ஓடு! தினமும் ஓட விட்டுப் பழக்கியதே இந்த ஆள்தானே, வேண்டும்!

கமலா: அப்பா அழவில்லை.

சாமிநாதன்: மூச்சு வாங்குகிறாரே, அதைக் கணக்கில் சேர்க்கலாமா?

கமலா: கட்டிப்பிடிக்கவும் இல்லை. அதனால்தான் எனக்கு இந்தப் படம் பிடிக்கும். நம் வீடுகளில் எந்த அப்பா இரண்டேகால் மணி நேரத்தில் திருந்தியிருக்கிறார்?

சாமிநாதன்: நம் பையன் என்னை ‘சார்’ என்றா கூப்பிடுகிறான்?

கமலா: இல்லை. செல்லில் உங்கள் நம்பரை ‘மேனேஜர்’ என்று போட்டு வைத்திருக்கிறான்.

சாமிநாதன்: எப்போதிலிருந்து?

கமலா: ஓவியக் கல்லூரி வேண்டாம் என்று இன்ஜினியரிங்கில் தள்ளினீர்களே, அன்றிலிருந்து.

(சாமிநாதன் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போகிறார்.)

சாமிநாதன்: (உள்ளிருந்து) காபிப் பொடி எங்கே?

கமலா: ‘கடுகு’ என்று எழுதியிருக்கிற டப்பாவில்.

சாமிநாதன்: அப்போ ‘காபி’ என்று எழுதியிருப்பதில்?

கமலா: துவரம் பருப்பு.

சாமிநாதன்: உடான்ஸ் எல்லாம் இங்கேதான் இருக்கிறது!