குருமடக் கதவும் மூன்று ஆண்டுக் கணக்கும்

2005 நவம்பரில் வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் என்ற துறை ஒரு சிறிய அறிவுறுத்தலை வெளியிட்டது. சில பக்கங்கள்தான். தன்பால் ஈர்ப்புள்ளவர்களைக் குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தில் சேர்க்கலாமா, குருப்பட்டம் கொடுக்கலாமா என்பது அதன் பொருள். போன வாரம் அதை மறுபடி எடுத்துப் படித்தேன். முன்பு படித்தபோது கண்ணில் படாமல் போன ஓரிடம் இந்த முறை சிக்கிக்கொண்டது. எப்படியாவது குருவாகிவிட வேண்டும் என்று தன் ஈர்ப்பை மறைக்கும் மாணவர் மிகப் பெரிய நேர்மைக்கேட்டைச் செய்கிறார் என்கிறது ஆவணம். சரிதானே, பொய் சொல்லிப் பீடம் ஏறுவதை யார் ஏற்பார்கள்? ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அதே ஆவணத்தில் கொஞ்சம் முன்னாலேயே இருக்கிறது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த முடிச்சைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். திட்ட நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஆவணம் மூன்று வகையினருக்குக் கதவை மூடுகிறது. தன்பால் உறவில் ஈடுபடுகிறவர்கள், 'ஆழ வேரூன்றிய' தன்பால் நாட்டம் உள்ளவர்கள், தன்பாலீர்ப்புப் பண்பாடு என்று அது குறிப்பிடுவதை ஆதரிப்பவர்கள். முதல் வகையில் எனக்கு வழக்கே இல்லை. மணத்துறவு வாக்குக் கொடுக்கப் போகிறவர் ஆணோடும் உறவு கொள்ளக் கூடாது, பெண்ணோடும் கூடாது. எனக்கு இடிப்பது இரண்டாவது வகை. அதில் ஒருவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தடவைகூடத் தவறாதவராக இருக்கலாம், இனியும் தவறாதவராக இருக்கலாம். அவருக்குள் இருக்கும் ஈர்ப்பே போதும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. நாட்டம் தற்காலிகமானது என்றால், விடலைப் பருவம் இன்னும் முடியாததுபோல என்றால், குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு முன்பே அதை அவர் தாண்டியிருக்க வேண்டும். இந்த மூன்று ஆண்டை எப்படி அளப்பது? ரத்தப் பரிசோதனையா எடுக்க முடியும்? மாணவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. எந்தப் பதிலைச் சொன்னால் படிப்பைத் தொடரலாம் என்பது அவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஒப்புரவில் பாவ அறிக்கை கேட்கும் குருவும் ஆன்மிக வழிகாட்டியான ஆன்ம குருவும்கூட அவரை மேலே போகாமல் தடுத்துப் பேசக் கடமைப்பட்டவர்கள் என்கிறது ஆவணம். அவர்கள் ரகசியத்தை வெளியே விட மாட்டார்கள், அது உண்மை. ஆனால் ஒரு இளைஞன் மனம் திறந்து பேசக்கூடிய ஒரே அறையிலும் என்ன பதில் காத்திருக்கிறது என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

ஒரே வகுப்பில் இரண்டு பேர். இருவருக்கும் ஒரே ஈர்ப்பு. ஒருவன் தன்னை அறிந்தவன், அதைச் சொல்லி உதவி கேட்கிறான். இன்னொருவன் தனக்கே பொய் சொல்லிக்கொள்கிறவன், சோதனைகளில் எல்லாம் கச்சிதமாகப் பதில் சொல்கிறான். முதலாமவன் பெட்டியைக் கட்டுகிறான். இரண்டாமவனுக்கு ஆயர் தலையில் கை வைத்துக் குருப்பட்டம் கொடுக்கிறார். பக்குவம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்க வந்த விதி, பக்குவத்தில் குறைந்தவனைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

தடைக்கு ஆதரவாகப் பேசுபவர்களுடைய வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குரு, மணமகனாகிய கிறிஸ்துவின் இடத்தில் நிற்பவர், திருச்சபை மணமகள், அந்த ஆன்மிகத் தந்தைமைக்கு உணர்வு முதிர்ச்சி வேண்டும், தன்பால் நாட்டம் ஆண்களோடும் பெண்களோடும் சரியாக உறவாட விடாமல் தடுக்கும் என்பது ஆவணத்தின் வாதம். முதல் பாதி இறையியல், அதைப் பேசலாம். பின்பாதி மனிதர்களைப் பற்றிய கூற்று. அதற்கு மனிதர்களைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஆன்ம குருவாக இருந்த பிரான்சிஸ்கன் துறவி மைக்கல் ஜட்ஜ், 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் செபித்துக்கொண்டே இறந்தார். அன்றைய இறப்புப் பதிவில் முதல் பெயர் அவருடையது. அவர் தன்பால் ஈர்ப்புள்ளவர் என்பது நெருங்கியவர்களுக்குத் தெரியும். தீயணைப்பு வீரர்களில் எத்தனை பேர் அவரைத் தகப்பனாகப் பார்த்தார்கள் என்பதும் அந்த ஊருக்கே தெரியும். 2005 விதிப்படி அவர் குருமட வாசலைத் தாண்டியிருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தடை திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இல்லை. குருப்பட்டம் பெறுகிறவர் திருமுழுக்குப் பெற்ற ஆணாக இருக்க வேண்டும் என்கிறது 1024-ஆவது சட்டம், அவ்வளவுதான். குருப்பட்டத்துக்குத் தடையாகும் காரணங்களை 1041-ஆவது சட்டம் அடுக்குகிறது: மனநோய், விசுவாச மறுப்பு, கொலை, கருக்கலைப்பு, இப்படி. தன்பால் ஈர்ப்பு அந்தப் பட்டியலில் கிடையாது. 1961-இல் துறவியருக்கான பேராயம் ஒரு அறிவுறுத்தலில் இந்தத் தடையைச் சொன்னது, 2005-இல் விரிவாக எழுதினார்கள், 2016-இல் குருத்துவப் பயிற்சிக்கான புதிய வழிகாட்டி அதையே திருப்பிச் சொன்னது. பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994-இல் இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். இந்த விஷயத்தில் எந்தத் திருத்தந்தையும் 'எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று சொன்னதில்லை. ஆக, இது ஒரு நிர்வாக முடிவு. நிர்வாக முடிவு என்றால் பலன் தந்ததா என்று கேட்கலாம்.

அது பிறந்த சூழலைப் பார்த்தால் பலன் என்று எதை எதிர்பார்த்தார்கள் என்பது புரியும். 2002-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மறைமாவட்டத்தில் குருக்கள் சிறாருக்குச் செய்த பாலியல் கொடுமைகள் அம்பலமாகி வெடித்தன, ஆண்டு முடிவதற்குள் அதன் பேராயர் கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். 2004-இல் நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரி ஆய்வு 1950 முதல் 2002 வரை அமெரிக்காவில் 4,392 குருக்கள் மீது இத்தகைய குற்றச்சாட்டு எழுந்ததாகக் கணக்கிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் 81 விழுக்காட்டினர் ஆண் பிள்ளைகள். உடனே பலர் 'பார்த்தீர்களா' என்றார்கள். ஆனால் அதே கல்லூரி 2011-இல் காரணங்களை ஆராய்ந்தபோது, தன்பால் ஈர்ப்புள்ள குருக்கள் மற்றவர்களைவிடச் சிறாரை அதிகம் சீரழிக்கிறார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்றது. முதல் அறிக்கையை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் பிள்ளைகளைக் காப்பாற்றுவது உண்மையான கவலையாக இருந்தால் இரண்டையும் படித்திருப்பார்கள்.

தலைமையைப் பற்றிப் பேசாமல் குருமடத்தை மட்டும் பேசுவது நியாயமில்லை. ஸ்காட்லாந்தின் கர்தினால் கீத் ஓபிரையன் தன்பால் திருமணத்தை மிகக் கடுமையான சொற்களால் எதிர்த்தவர். 2013 பிப்ரவரியில் மூன்று குருக்களும் முன்னாள் குரு ஒருவரும் அவர்மீது புகார் சொன்னார்கள். பதவி விலகினார், தன் பாலியல் நடத்தை குருவுக்குரிய தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்காவின் தியடோர் மெக்காரிக் குருமாணவர்களைக் கடற்கரை வீட்டுக்கு அழைத்துப் போகிறவர் என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருந்தது. அப்படியிருந்தும் வாஷிங்டன் பேராயரானார், கர்தினாலானார். சிறாரையும் சீரழித்தவர் என்பது பிறகு வெளிவந்தது. 2019-இல்தான் குருத்துவம் பறிக்கப்பட்டது. இது ஈர்ப்பின் கதை என்று சிலர் சொல்கிறார்கள், நான் அதிகாரத்தின் கதை என்பேன். யோசித்துப் பாருங்கள், அந்த வீட்டுக்குப் போய்வந்த ஒரு மாணவர் புகார் கொடுக்கிறார் என்றால் முதல் கேள்வி யாரை நோக்கி வரும்? 'நீ யார், உன் நாட்டம் என்ன' என்றுதானே? தன்னைப் பற்றிப் பேசினாலே வெளியேற்றப்படக்கூடிய இடத்தில், தனக்கு மேலே இருப்பவரைப் பற்றி எப்படிப் பேசுவார்?

திருத்தந்தை பிரான்சிசை இரண்டு தரப்பும் தங்கள் ஆள் என்றார்கள். 2013-இல் ரியோவிலிருந்து திரும்பிய விமானத்தில் 'தீர்ப்பிட நான் யார்' என்று கேட்டவரும் அவர்தான். சந்தேகம் இருந்தால் குருமடத்தில் சேர்க்காமல் இருப்பதே நல்லது என்று 2018-இல் இத்தாலி ஆயர்களிடம் சொன்னவரும் அவர்தான். 2024 மே மாதம் அதே ஆயர்களின் மூடிய கூட்டத்தில், குருமடங்களில் ஏற்கெனவே இது அதிகம் என்று ஒரு வசைச்சொல்லைப் போட்டுப் பேசியதாகச் செய்தி கசிந்தது. யாரையும் புண்படுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை என்று வத்திக்கான் மன்னிப்புக் கேட்டது. எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு. ஆனாலும் கருணையைப் பேட்டியில் வைத்துவிட்டு விதியைக் கோப்பில் அப்படியே விட்டுப்போனார் என்ற குறை எனக்கு இருக்கிறது.

விதியைத் தொடுவது லேசு என்றும் நான் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 18 அன்று வந்த வத்திக்கானின் ஃபிதூச்சியா சுப்ளிகான்ஸ் அறிக்கை, தன்பால் இணையருக்கு வழிபாட்டுச் சடங்காக இல்லாத ஒரு சாதாரண ஆசீர்வாதத்தை மட்டும் அனுமதித்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, காங்கோவின் கின்ஷாசா நகரக் கர்தினால் ஃப்ரிடோலின் அம்போங்கோ தலைமையில் ஆப்பிரிக்க ஆயர்கள் எங்கள் கண்டத்தில் இது நடக்காது என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு ஆசீர்வாதத்துக்கே இந்தப் பாடு. பிரான்சிசுக்குப் பின் வந்த திருத்தந்தை பதினான்காம் லியோவும் 2025 செப்டம்பரில் வெளியான பேட்டியில், பாலியல் பற்றிய திருச்சபையின் படிப்பினை விரைவில் மாறும் வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லிவிட்டார்.

படிப்பினை இருக்கட்டும். நான் கேட்பது அதைவிடச் சின்னது. குருமாணவரிடம் 'நீ யாரால் ஈர்க்கப்படுகிறாய்' என்ற கேள்விக்குத் தண்டனையை வைக்காமல், 'இந்த வாக்கை எப்படி வாழப் போகிறாய்' என்று எல்லோரையும் ஒரே மாதிரி கேளுங்கள். பெண்களால் ஈர்க்கப்படும் மாணவரையும்தான். அவரிடம் இதை யாரும் உருப்படியாகக் கேட்பதில்லை என்பது இன்னொரு பதிவுக்கான விஷயம்.

இதற்கு ஒரு சின்ன ஆரம்பம் இத்தாலியில் நடந்திருக்கிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு ஆயர்களின் குருமட வழிகாட்டி, பழைய தடையை மேற்கோள் காட்டிவிட்டு, அடுத்ததாக ஒரு வாக்கியம் சேர்க்கிறது: தன்பால் நாட்டம் பற்றி வரும்போது அந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் அந்த இளைஞரின் முழு ஆளுமைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். தடையும் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே அதை நெகிழ்த்தும் வாக்கியமும் இருக்கிறது. எதை எப்போது பிடிப்பது என்பது ஒவ்வொரு குருமடத்தையும் நடத்தும் அதிபர் தந்தையின் கையில். வத்திக்கான் இதைச் சோதனை முறையில்தான் அங்கீகரித்திருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று பார்த்தேன். 3 ஆண்டுகள். இந்த முறை மூன்று ஆண்டுக் கணக்கு ஆயர்களுக்கு.